ஆடி கழியட்டும், அப்டேட் செய்துகொள்ளலாம்

உ
முருகன் துணை

தங்கா பத்து,
மலாக்கா.

அன்பு மச்சான் சுகுமாரனுக்கு,

உன் அக்காள் புருஷன் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள் விஜயராணி, உன் மருமகள் திவ்யா மூவரும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். அதேபோல் நீயும் சைபர்ஜெயாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ட நேரத்தில் தூங்காமல், சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரும் நேற்று மாலையிலிருந்து சௌக்கியம். அதன் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலுக்கு எதற்கு மாமா பிள்ளையார் சுழி என்று கேட்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும், எனக்குக் கோபம் வந்தால் உன் அக்காள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுத்தில் என்றால் நீ எந்த இடத்தில் சிரித்தாய் என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

வைகாசி விசாகத்துக்கு நீ வந்திருந்தபோது, நம் வீட்டுக் கம்ப்யூட்டர் தனக்கு வயதாகிவிட்டதாகவும் இனிமேல் தனக்கு அப்டேட் எதுவும் வராது என்றும் திரையில் அறிவிப்புப் போட்டுக்கொண்டு நின்றது உனக்கு நினைவிருக்கும். நானும் ரிட்டையர் ஆனவன்தானே, அதன்மேல் எனக்கு ஒரு பரிதாபம். தூக்கிப்போட மனம் வரவில்லை. நீதான், "மாமா, லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுத் தர்றேன், இன்னும் பத்து வருஷம் ஓடும், சும்மா குடுக்கிறாங்க" என்றாய். இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை எதற்குடா சும்மா கொடுக்கிறான் என்று நான் கேட்டேன். "இது கோயில் அன்னதானம் மாதிரி மாமா. ஊருல உள்ளவங்க ஆளுக்கு ஒரு கை போட்டுச் செய்றது. யாரு வேணும்னாலும் மூடியத் தொறந்து பாக்கலாம்" என்றாய். சரி, அன்னதானத்தில் உப்புக் கூடிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்றேன். "அதுக்குத்தான் அப்டேட்டு. உப்புக் கூடிருச்சுன்னு ஒருத்தன் சொல்வான், இன்னொருத்தன் சரி பண்ணி அனுப்புவான், நீங்க வாங்கிக்க வேண்டியதுதான்" என்றாய். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் சம்மதித்தது அதற்காக இல்லை. கூடவே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கமும் சும்மா கிடைக்கும் என்று சொல்லி, அங்கேயே இறக்கி, ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாவற்றையும் கலர் கலராகக் காட்டினாய் பார், அதில்தான் விழுந்தேன். மறுநாளே சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையில் விசில் இருந்த காலத்தில் ஜாசின் பஸ் ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியதில்லை. பின்னால் கிளம்பியிருக்கிறது, அது டிரைவர் குற்றம். இன்றைக்கும் தங்கா பத்துவிலிருந்து தெங்கேரா வரைக்கும் நம் ஆட்கள் புதுக் கார் எடுக்க, வீடு குடிபோக, பல் பிடுங்க என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் நேரம் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பஞ்சாங்கம் இருந்தால் அவன் எப்படி இருப்பான்? ராஜா மாதிரி இருந்தேன், மச்சான். அந்த ஆரஞ்சுப் புள்ளி வரும்வரை.

திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கேடயம், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. தொட்டால், அப்டேட்டுகள் காத்திருக்கின்றன என்றது. வந்ததுதான் வந்தது, ஆடி முதல் தேதியிலா வரும்? நீயும் அன்றைக்கே போன் செய்து, அப்டேட் பண்ணீங்களா மாமா என்றாய். ஆடி கழியட்டும்டா, செய்துகொள்ளலாம் என்றேன். "மாமா, இது செக்யூரிட்டி அப்டேட்டு. வீட்டுக் கதவுக்குப் பூட்டு மாத்துற மாதிரி" என்றாய். "ஆடி மாசத்துல எவனாச்சும் பூட்டு மாத்துவானா?" என்றேன். "திருடன் ஆடி மாசம்லாம் பாக்க மாட்டான் மாமா!" என்று கத்தினாய். "அவன் தமிழனா இருந்தா பாப்பான்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குப் பேச்சில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எண் மட்டும் ஆடிப்பெருக்கு மாதிரி பெருகிக்கொண்டே போயிற்று. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த மூலையில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டேன்.

இதற்கிடையில்தான் பெம்பானிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. எனக்குப் பழக்கமான முனியாண்டி அண்ணனின் இரண்டாவது மகன் தினேஷ்வரன், பிந்துலுவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திவ்யாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தொன்பது வயதாகிறது. வந்த வரன்களையெல்லாம் "ஒத்து வராதுப்பா" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஒரு பையன் வந்து உட்கார்ந்த நேரம் முழுவதும் தன் கார் ரிம்மைப் பற்றியே பேசினான். இன்னொருவன் எடுத்த எடுப்பில், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டான். "நீங்க விட்டுருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவன் குடித்துக்கொண்டிருந்த காப்பியோடு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு வருஷமாக வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. வேலை விட்டு வருவாள், சாப்பிடுவாள், அறைக் கதவு சாத்திக்கொள்ளும். வெளியே சொல்ல முடியாத கவலை மச்சான் இது. உன்னிடம் சொல்கிறேன், மனசுக்குப் பெரிய பாரமாக இருந்தது. அப்படிப்பட்டவள் தினேஷ்வரன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சரி, பேசிப் பாக்கிறேன்" என்றாள். நானும் உன் அக்காளும் அடுப்படிக்குப் போய்ச் சத்தம் வராமல் கைகுலுக்கிக்கொண்டோம்.

மாப்பிள்ளை கடல் தாண்டிப் பிந்துலுவில், பெற்றோர் பெம்பானில், நாங்கள் இங்கே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் முதலில் வீடியோ காலில் பார்த்துப் பேசிவிடலாம் என்று ஏற்பாடு. முனியாண்டி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "மூத்தவனுக்கு ஒரு நல்ல எடம் வந்துச்சு பிச்சமுத்து. ராகு காலத்துல ஒரு போன் பேசுனேன், அதோட அந்த எடம் போச்சு. இதுல நேரம் மட்டும் தப்பிறக் கூடாது. நீங்க பாத்துக் குடுத்தா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்." பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரையிலிருந்து ஆறு. ஆறு அடித்ததும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டேன். உன் அக்காள் மாப்பிள்ளை முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றதால் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு வயர் இழுத்தேன். ஒத்திகை பார்க்கலாம் என்று வீடியோ காலைத் திறந்தால், உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, முதலில் அப்டேட் செய்யுங்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது! நல்லவேளை, அதற்குள் ஆடியும் கழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை, வளர்பிறை, நல்ல நேரம். ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுப் புள்ளியைத் தொட்டேன். எண் முந்நூறைத் தாண்டியிருந்தது. திரையில் ஒரு ஜன்னல் திறந்து, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதற்குமேல் நகரவில்லை. உனக்குப் போன் செய்தேன். நீ ஏதோ தீவில் மீன் பார்க்கப் போகிறேன் என்று படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாய். "மாமா, லைன் போயிரும், திரையில அந்தக் கறுப்புப் பெட்டியத் தொறந்து நான் சொல்றத அடிங்க" என்றாய். அடித்தேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீ நியாயமாக யோசிக்க வேண்டும். நீ சொன்னது, கட்டளைக்கு முன்னால் போடுகிற "சூடோ"வாம். அலைச் சத்தத்தில் என் காதில் "சூடா" என்றுதான் விழுந்தது. மலாயில் சூடா என்றால் ஆயிற்று என்று இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயிற்று, அப்டேட் ஆயிற்று என்று நாம் முன்கூட்டியே நல்ல வார்த்தையாகச் சொன்னால் அது அப்படியே செய்துவிடும்போல என்று நினைத்து, பள்ளியில் படித்த மலாய் எழுத்துக்கூட்டலில் சுத்தமாக, கடைசி எச் உட்பட, அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. பெரிய எழுத்தில் அடித்தேன். கிடையாது. "இந்த நாட்டுல இருந்துகிட்டு மலாய் தெரியலன்னா எப்படி?" என்று அதட்டினேன். அடுப்படியிலிருந்து உன் அக்காள், "அது இப்பத்தான வந்திருக்கு, மெதுவாக் கத்துக்கும்" என்றாள். கடைசியில் அவள் போனில் நீ எப்போதோ எழுதி அனுப்பியிருந்ததைக் காட்டிய பிறகுதான் முடிவில் வருவது ஓ என்று தெரிந்தது. சரி என்று அதை அடித்தால் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டுக்குப் பாட்டரி மாற்றினேன். கவிழ்த்துத் தட்டினேன், முறுக்குத் துண்டு விழுந்தது, சுகர் இருக்கிற மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாரா என்று அதற்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. பாஸ்வேர்டு அடித்தால் தெரியாதாம், ரகசியமாம், நீ அனுப்பியதன் கீழேயே எழுதியிருந்தது. "அடுத்தவங்க பாக்கக் கூடாதுன்னுதானே பாஸ்வேர்டு, அத நீங்க பாக்கணும்னு ஏன் அடம்பிடிக்கிறீங்க?" என்றாள் உன் அக்காள். உங்கள் குடும்பத்துக்கே வாய் நீளம்.

நல்ல நேரத்தில் பாதி இதிலேயே போய்விட்டது. அப்புறம் ஒருவழியாக அப்டேட் ஓட ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஏறுகின்றன, பார்க்கவே பெருமையாக இருந்தது. ஆனால் நம் வீட்டு லைன் வேகம் உனக்குத் தெரியுமே. அறுபது சதவீதத்தில் நிற்கும்போது மணியைப் பார்க்கிறேன், பத்தரைக்கு ராகு காலம், இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. ராகு காலத்தில் தொடங்கக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். நல்ல நேரத்தில் தொடங்கிய காரியம் ராகு காலத்துக்குள் நுழைந்தால் என்ன செய்வது? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாதாரண நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது திவ்யாவின் கல்யாணப் பேச்சுக்கான அப்டேட், மச்சான்! பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இப்போதைக்கு நிறுத்தி வைத்து, ராகு காலம் கழிந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம், ஸ்டேஷனில் பஸ்ஸை நிறுத்தி எடுப்பதில்லையா என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று திரையில் கெஞ்சியது. உன் அக்காள் கரண்டியோடு வந்து நின்றாள். "பிரியாணி வெந்துகிட்டு இருக்கயில ராகு காலம் வந்தா அடுப்ப அணைச்சிருவீங்களா?" என்றாள். "அது சோறு, இது கம்ப்யூட்டர்" என்றேன். "சோறாச்சும் பாதி வெந்தா கோழிக்குப் போடலாம்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிந்தது. முகம் கழுவி, விபூதி பூசி, சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை. நடுவில் வெள்ளையாக இரண்டு வரி. கெர்னல் பானிக் என்று இருந்தது. எனக்குத் தெரிந்த கர்னல் ராணுவத்தில் இருப்பவர். கர்னலே பதறிப்போய்விட்டார் என்றால் மற்ற சிப்பாய்கள் கதி என்ன? உனக்குப் போன் செய்தேன். எத்தனை மிஸ்டு கால் என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள். சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவில் ஷங்கரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவன் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த சிஸ்டம் எங்க லைன் இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்னா போலே, முடியும். ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணும் மிஞ்சாது" என்றான். உள்ளே இருப்பது திவ்யா பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள். வேண்டாம் தம்பி என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் திவ்யா நின்றாள். "என்னப்பா பண்ணீங்க?" என்றாள். "ராகு காலம்மா" என்றேன். அறைக் கதவு சாத்திக்கொண்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஞாயிறு மாலை ஆறு மணி. வேறு வழியில்லாமல் திவ்யாவின் போனில் கால் போட்டோம். சின்னத் திரைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நெருக்கி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன் போனைத் தாடைக்குக் கீழே பிடித்திருந்ததால் எங்களுக்கு அவருடைய மூக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி வேலாயி அக்காளின் வளையல் சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு கட்டத்தில், பிந்துலுவிலிருந்து, மாப்பிள்ளை தினேஷ்வரன் கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லி முடித்தோம். அங்கே மழையா என்று கேட்டேன், இல்லை என்றார். வெயிலா என்று கேட்டேன், இல்லை என்றார். திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்து வராதுப்பா என்ற வார்த்தை அவள் நுனி நாக்கில் நிற்பது எனக்குத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "பின்னாடி டிவியில என்னா அது, கறுப்பா?" என்றார். கடையிலிருந்து வந்ததும் மறுபடி மாட்டிப் பார்த்தவன், டிவி வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். கர்னல் அங்கே பெரிய திரையில் பதறிக்கொண்டிருக்கிறார்! நான் பாய்ந்து போய்த் துண்டை விரித்து மறைத்துக்கொண்டு, "அது வால்பேப்பர் தம்பி" என்றேன். திவ்யா தலையை நிமிர்த்தி, "அப்பா அப்டேட் பாதியில பிளக்கப் புடுங்கிட்டாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். "ஏன்?" என்றார் மாப்பிள்ளை. "ராகு காலம்." "சரிதானே!" என்றது முனியாண்டி அண்ணனின் மூக்கு. "கடைசியா எப்ப அப்டேட் பண்ணீங்க?" என்றார் மாப்பிள்ளை. திவ்யா, "ஆடிக்கு முன்னாடி" என்றாள். சொல்லும்போதே சிரிப்பை அடக்கியதில் அவள் உதடு துடித்தது. அங்கே மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் திரையைவிட்டே கீழே போய்விட்டார். வெறும் நாற்காலி தெரிகிறது, சிரிப்பு மட்டும் கேட்கிறது. திவ்யாவும் சிரித்தாள் மச்சான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளை அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பெண் பார்க்கும் படலம் போய், கம்ப்யூட்டர் பார்க்கும் படலம் ஆரம்பித்தது. திவ்யா போனை டிவிக்கு நேரே பிடித்து வரி வரியாகப் படிக்கிறாள், அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார், இவள் அடிக்கிறாள். "பயப்படாதீங்க அங்கிள், கெர்னல்ங்கிறது சிஸ்டத்தோட உயிரு, பழைய கெர்னல் இன்னும் உள்ளதான் இருக்கும். புதுசு சரியா வரலன்னா பழச எழுப்பலாம், அதுக்காகவே அழிக்காம வச்சிருப்பாங்க" என்றார். எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா? ரிட்டையர் ஆன கர்னலை வீட்டில் ஓர் ஓரமாக மரியாதையாக உட்கார வைத்து, அவசரத்துக்கு ஐயா வாங்க என்று கூப்பிடுகிற சிஸ்டம் வேறு எங்கே இருக்கிறது? பழைய கர்னலும் வந்தார், கம்பீரமாக நின்றார். நடுவில் எதுவோ சிக்கிக்கொண்டு நகரவில்லை. "அந்தப் பழைய அப்டேட்டக் கில் பண்ணிருங்க, இல்லன்னா வழி விடாது" என்றார் மாப்பிள்ளை. உடனே வேலாயி அக்காள் சத்தம், "யாரடா கொல்லச் சொல்ற, நல்ல காரியம் பேசயில?" இதற்கும் இருவரும் சிரித்தார்கள். விட்ட இடத்திலிருந்து மிச்ச அப்டேட்டும் ஓடி முடிந்து, டிவியில் நம் கம்ப்யூட்டர் பழையபடி முகம் காட்டியபோது பெம்பானிலும் இங்கேயும் எல்லோரும் கை தட்டினோம். மாப்பிள்ளை எனக்கு ஒரு வார்த்தை சொன்னார். "அங்கிள், அப்டேட்டுங்கிறது விசேஷம் இல்ல, வீடு கூட்டுற மாதிரி. அதுக்குப் போயி நேரம் பாப்பாங்களா?" உன் அக்காள் உடனே, "விளக்கு வச்ச பெறகு கூட்ட மாட்டோம் தம்பி" என்றாள். "சரி ஆன்ட்டி, விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி பண்ணிருங்க" என்றார். விட்டுக்கொடுக்கவும் தெரிகிறது பையனுக்கு.

வேலை முடிந்தது, ஆனால் யாரும் போனை வைக்கவில்லை. இருவரும் எதையோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். உன் அக்காள் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "எந்திரிச்சு வாங்கலா" என்று அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அங்கே நின்றுகொண்டு ஹாலிலிருந்து வந்த பேச்சுச் சத்தத்தைக் கேட்டோம். பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது திவ்யா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, ஒத்து வரும்னு அப்பாகிட்ட சொல்லிரு" என்றாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்று காலை முனியாண்டி அண்ணன் போன் செய்தார். "நேரம் பாத்துக் குடுத்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க நீங்க! கம்ப்யூட்டரே கெட்டுப்போயும் காரியம் கெடல பாத்தீங்களா? எல்லாம் அந்த ஆறு மணி!" என்றார். நான் என்ன சொல்ல, நேரம் என்றால் நேரம்தான் அண்ணே என்றேன். நிச்சயதார்த்தம், பந்தக்கால், தாலி முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் என்னையே பார்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் பஞ்சாங்கத்தைப் பார்த்து எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தும் விட்டேன். பெம்பான் முழுக்கச் சொல்லியாயிற்றாம். நிச்சயதார்த்தம் புரட்டாசிக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அதே மாலை ஆறு மணி. தாய்மாமன் நீ முதல் நாளே வந்துவிட வேண்டும். தீவு, மீன், ஒன்றும் கூடாது.

மச்சான், இந்த அனுபவத்திலிருந்து உன் மாமன் திருந்திவிட்டான் என்று தெரிந்துகொள். இனிமேல் ஆடி, மார்கழி, அஷ்டமி, நவமி எதுவும் அப்டேட்டுக்குக் கிடையாது. புள்ளி வந்தால் வந்த நிமிடமே. பூஜை வேறு, கூட்டுகிற வேலை வேறு. உலகத்தில் எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் உப்பைச் சரிசெய்து அனுப்புகிறான், அதை வாங்கிக்கொள்ள நான் நேரம் பார்த்தால் அவனுக்கு எவ்வளவு அவமரியாதை! இப்போதெல்லாம் எனக்கு வேண்டியவர்களிடம் நானே இதை எடுத்துச் சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர் நேற்றிலிருந்து என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.

உனக்கும் காலாகாலத்தில் ஒரு பெண் அமைந்து, நாங்கள் எல்லோரும் வந்து அட்சதை போட்டு வாழ்த்தும் நாளை அந்த முருகன் சீக்கிரம் காட்டட்டும். அக்காள் உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். திவ்யா ஹாய் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் உன் மாமன்
பிச்சைமுத்து

பின்குறிப்பு: மச்சான், அவசரம். மேலே உள்ளதை எழுதி முடித்து, அனுப்பலாம் என்று போகும்போது அந்த ஆரஞ்சுப் புள்ளி வந்தது. சொன்ன சொல் தவறக் கூடாது என்று உடனே அழுத்திவிட்டேன். ஒரே ஓர் அப்டேட்தான், பஞ்சாங்கத்துக்கு. என்ன சரிசெய்திருக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது, படித்தேன். ஊர் எது என்று தேர்ந்தெடுக்காதவர்களுக்கு இதுவரை சென்னை நேரமே காட்டப்பட்டதாம், இப்போது அவரவர் ஊர்ச் சூரியனுக்குத் தக்கபடி திருத்திவிட்டார்களாம். நாம் ஊரைத் தேர்ந்தெடுத்தோமா? நீயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அங்கே ஆறு மணிக்கு விடிகிறது, நமக்கு ஏழுக்கு மேல்தானே விடிகிறது! உடனே நேற்றைய ஞாயிற்றுக்கிழமையைத் திறந்து பார்த்தேன். மலாக்காவில் ராகு காலம் மாலை ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்து ஏழு மணிக்கு மேல்தான் முடிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் பிளக்கைப் பிடுங்கினேன் பார், அது சுத்தமான நல்ல நேரம். அதாவது நல்ல நேரத்தில் கம்ப்யூட்டரைக் கெடுத்து, அப்பட்டமான ராகு காலத்தில் என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறேன். நிச்சயதார்த்தமும் அதே ராகு காலத்தில்தான் நிற்கிறது. தாலி முகூர்த்தத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அக்காளிடம் சொன்னேன். "நம்ம கல்யாணத்துக்கு நேரம் பாத்தது உங்க பெரியப்பா. அவரு வாட்சு எந்தக் காலத்துல சரியா ஓடுச்சு? இப்ப என்னா, நம்ம பொழைக்கலியா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவளுக்கு என்ன, சொல்லிவிடுவாள். முனியாண்டி அண்ணனுக்கு யார் சொல்வது? அவர் தனக்கும் இதே பஞ்சாங்கம் வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறார், மகனும் நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டாராம். போட்டால் இந்த ராகு காலம் அவர் கண்ணில் பட்டுவிடுமே! ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த உடனே போன் செய்து, செய்த அப்டேட்டைத் திருப்பி எடுக்கிற கமாண்ட் என்ன என்று சொல். எழுத்துக்கூட்டிச் சொல். பெம்பானுக்கும் பழைய பஞ்சாங்கத்தையே அனுப்பி வைக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல். தங்கமான பிள்ளை மச்சான், நம் தினேஷ்வரன். அவரிடம் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருக்கிறது, எதையும் உடனே அப்டேட் செய்துவிடுகிறார்.